மணல்வாய் பிறந்த மதியம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்த்தி. கம்பெனி அவனுடையது. உறையூர்க்காரன். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவன்.

சலீம் பாய். சவுண்ட் பார்ப்பவர். அதற்கு முன்னால் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் கட்டியவர்.

வைதேகி அம்மா. ஸ்ரீரங்கம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளின் பெயரை மைக்கில் சொல்பவர். விளையாட்டில் ராணி.

மேரி. பாலக்கரை. வசனம் எழுதுகிறவள். படித்து முடித்து வந்த முதல் வேலை அது.

நான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். பிறகு ஆட்டோவில் மைக் பிடித்து ஊர் சுற்றினேன். துணிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், கட்சிக் கூட்டம், எல்லாம் சொல்லியிருக்கிறேன். விளையாட்டில் திருடர் தலைவன்.

ஐந்து பேர். ஹெட்போன் இரண்டு. சுடுதண்ணீர் குடிக்க டம்ளர் மூன்று.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டேன். தொண்டை போய்விட்டது. புதிதாகக் குரல் கொடுக்க வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கார்த்தி கேட்டான். மைக் முன்னால் எப்படி நிற்பது, மூச்சை எங்கே விடுவது, அதையெல்லாம் சலீம் பாய் சொல்லித் தருவார். நான் ஒரு மதியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அறை திருவானைக்காவலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே. இப்போது போல சுவருக்கு மெத்தை கிடையாது. கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் ஓடினால் மேலே மைக்கில் கேட்கும். கல்யாண சீசனில் நாள் முழுக்க ஓடும். மதியம் இரண்டு மணிக்குப் பாத்திரக்கடை முதலாளி சாப்பிட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுப்பார். நாலு மணிக்கு எழுந்திருப்பார். அவர் தூங்கும் நேரம்தான் எங்களுக்கு ரெக்கார்டிங் நேரம். நாங்கள் கத்தும் நேரம்தான் அவருக்குத் தூங்கும் நேரம். இதில் இரண்டு பக்கமும் புகைச்சல் இருந்தது.

விளையாட்டு ஒரு கற்பனை நாட்டில் நடக்கிறது. ஆற்றை நம்பி வாழும் நாடு. திருடர் தலைவன் ஓடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். ராணி தனியாக ஆற்றங்கரைக்கு வருகிறாள். இருவருக்கும் சண்டை. விளையாடுகிறவன் அந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு யார் பக்கம் போவது என்று முடிவு செய்யவேண்டும்.

இந்தக் காட்சியை ஏற்கெனவே ஒரு முறை ரெக்கார்ட் செய்து அனுப்பியிருந்தோம். விளையாட்டை வாங்கி வெளியிடும் சென்னைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கார்த்தி செல்போனைப் பார்த்துப் படித்தான்.

"திருடன் தலைமை ஆசிரியர் மாதிரி பேசுறான். அற்பப் பெண்ணேங்கிறான், மூடப் பெண்ணேங்கிறான். யாருக்கும் கோபம் வராது. சனிக்கிழமை நேர்ல வந்து பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா தமிழ்க் குரல் வேணாம். இங்கிலீஷ் குரல் போட்டுக்கிட்டு, கீழ தமிழ்ல எழுத்து மட்டும் ஓடட்டும்."

அன்று வியாழன்.

அந்த அற்பமும் மூடமும் மேரி எழுதியது. தமிழ்க் குரல் இல்லையென்றால் வசனம் எழுத ஆள் தேவையில்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எங்களுக்கும் அதே கதைதான். ஆனால் எனக்கு ஆட்டோ இருந்தது. வைதேகி அம்மாவுக்குத் திருவிழா இருந்தது. மேரிக்கு இது ஒன்றுதான் இருந்தது.

கார்த்தி என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க மார்க்கெட்ல இருந்த ஆளு. நிஜமா எப்படித் திட்டுவாங்க? அப்படியே சொல்லுங்க. அதையே போட்டுருவோம்."

சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். நான் யோக்கியன் இல்லை. மார்க்கெட்டில் கெட்ட வார்த்தை இல்லாமல் மூட்டை நகராது. அந்தச் சொற்களை இங்கே எழுதவில்லை. உங்களுக்கும் தெரியும்.

மேரி தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். ஒரு இடத்தில் கை நின்றது. பிறகு அதையும் அடித்தாள்.

சலீம் பாய் வைதேகி அம்மாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க வேணா கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

"எதுக்கு? திருவிழாக் கூட்டத்துல நிக்கறவ நான். குழந்தையத் தொலைச்சவா அடிச்சுக்கறச்சே என்னென்ன பேசுவான்னு உமக்குத் தெரியுமா? எனக்குப் புதுசா இதுல ஒண்ணும் இல்ல."

இங்கே என் வேலைமுறையைச் சொல்லவேண்டும். நான் ஐந்தாவது வரைதான் போனேன். அப்போது எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். படித்துக்கொண்டே நடிக்க வராது. அதனால் மேரி எனக்குப் பின்னால் நிற்பாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி வைத்திருப்பேன்; ஒவ்வொரு வரியையும் அந்தக் காதில் மெதுவாகச் சொல்வாள். நான் கேட்டு, உடனே மைக்கில் முழங்குவேன். அவள் சொல்வது மைக்கில் விழாது. எங்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது. அவள் சொல்லும் வேகத்திலேயே எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

சலீம் பாய் கையைக் காட்டினார். எதிரே வைதேகி அம்மா நின்றார். மேரி என் காதருகே வந்தாள். முதல் சொல்லைச் சொன்னாள்.

என் குரல் வரவில்லை.

மேரி தயங்கவில்லை. வேலையாக நினைத்துச் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் தாயைப் பற்றியது. என் அம்மா அதே மார்க்கெட்டில் கூடை சுமந்தவள். முப்பது வருஷம் அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தேன். யாரும் அதை என் காதுக்குள் மெதுவாகச் சொன்னதில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"முடியல."

"என்னண்ணே, நீங்க குடுத்த வார்த்தைதானே?" என்றான் கார்த்தி.

"குடுத்தப்ப வாய்ல இருந்துச்சு. இப்ப காதுல இருக்கு."

"அங்கிள், நான் வேணா சீக்கிரமா சொல்லிடறேன்" என்றாள் மேரி.

"வேகத்துல இல்லம்மா."

கார்த்திக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். மணி இரண்டரை. "அண்ணே, சனிக்கிழமை அவங்க வர்றாங்க. இப்ப போய் இப்படிச் சொன்னா நான் என்ன பண்றது? மேரி மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். சலீம் பாய் ஒரு வழி சொன்னார். மேரி சொல்லவேண்டாம், எனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே, நானாகவே பேசலாம் என்றார். சரி என்றேன். பேசினேன். வந்தது. நன்றாகவே வந்தது. கார்த்தி கை தட்டினான்.

எதிரே வைதேகி அம்மா பதில் பேசவேண்டும். பேசவில்லை.

"மேடம், உங்க வரி" என்றான் கார்த்தி.

"தெரியறது. ஆனா இதுக்கு ராணி என்னன்னு பதில் சொல்லுவா? ஓடத்தை விடுன்னு நான் பேச வந்திருக்கேன். அவன் என் அம்மாவ இழுக்கறான். நான் அழணும், இல்ல அவனை அறையணும். ஓடத்தப் பத்தியும் நாட்டப் பத்தியும் அதுக்கப்புறம் எப்படிப் பேசறது?"

சலீம் பாய் அப்போது பதிவான டேக்கை ஓட்டிக் காட்டினார். எல்லோரும் கேட்டோம். திரையில் ஆறு ஓடியது. ஓடம் இருந்தது. குரல் மட்டும் அந்த நாட்டில் இல்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றார் சலீம் பாய். "அவன் ஆத்தங்கரைத் திருடன். நீங்க வெங்காய மண்டித் திருடன்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்தச் சொற்கள் நம் தெருவிலிருந்து வந்தவை. அவற்றோடு நம் தெருவும் வந்துவிட்டது. இதை அன்று நான் கண்டுபிடிக்கவில்லை. வைதேகி அம்மா கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் எவ்வளவு நன்றாகக் கத்தினாலும், எதிரில் நிற்பவருக்குப் பதில் பேச இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேக் வீண்.

கார்த்தி அழிக்கச் சொன்னான். சலீம் பாய் அழித்தார்.

"அப்ப புதுசா வார்த்தை செய்வோம்" என்றான் கார்த்தி. "வெளிநாட்டு விளையாட்டுல எல்லாம் அப்படித்தான். அவங்களே ஒரு கெட்ட வார்த்தையை உண்டாக்கிடுவாங்க."

அவனும் மேரியும் கால் மணி நேரம் சத்தங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். க்ராஷ்டு. ஸொம்பரக். வுல்கா. மேரி காதில் சொன்னாள். நான் முழங்கினேன்.

"ஏய் ஸொம்பரக்!"

வைதேகி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தோள் குலுங்கியது.

"வயித்து மாத்திரை பேரு மாதிரி இருக்கு" என்றார் சலீம் பாய். "சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு ஸொம்பரக்."

மேரியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் கண் கலங்கியது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தோம். மணி மூன்று.

டீ வந்தது. மூன்று டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தோம். அப்போது சலீம் பாய் சும்மா கேட்டார்.

"மேடம், உங்க வீட்ல கெட்ட வார்த்தையே கிடையாதா? கோபம் வந்தா என்னதான் பண்ணுவாங்க?"

"எங்க மாமனாருக்கு ஒரே வார்த்தைதான். 'உனக்குத் தீர்த்தம் கிடையாது போ'ன்னுடுவார். பெருமாள் தீர்த்தம். எல்லாரும் கையை நீட்டிண்டு நிப்போம். அவர் குடுத்துண்டே வருவார். திட்டு வாங்கினவாளத் தாண்டிப் போயிடுவார். நீட்டின கை நீட்டினபடியே இருக்கும். அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்னு தோணும்."

சலீம் பாய் தலையை ஆட்டினார். "எங்க அத்தா வாயே தொறக்க மாட்டாங்க. நோன்பு தொறக்கும்போது பேரீச்சம்பழத் தட்டு கை மாறிக்கிட்டே வரும். எனக்கு முன்னாடி இருக்கிறவன்கிட்ட வாங்கி, எனக்கு அடுத்தவன்கிட்ட குடுத்துடுவாங்க. அவ்வளவுதான். அன்னிக்கு நான் வெறும் தண்ணியிலதான் நோன்பு தொறப்பேன்."

"எங்கப்பா தட்டைக் கவுத்து வெச்சிடுவாரு" என்றாள் மேரி. "எல்லார் தட்டும் நேரா இருக்கும். எனக்கு மட்டும் கவுந்திருக்கும். நானே திருப்பி வெச்சு சாப்பிடணும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என்னைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல திட்டுதான்" என்றேன்.

சிரித்தார்கள். மேரி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூணு வீட்லயும் ஒரே விஷயம்தான் அங்கிள். என்னவோ ஒண்ணு உனக்கு மட்டும் கிடையாதுன்னுடறாங்க."

"சரி, அதுக்கு?" என்றான் கார்த்தி.

"நம்ம ஆத்து நாட்டுல எது கிடையாதுன்னா ஒருத்தன் செத்துப் போவான்?"

"தண்ணி" என்றான் கார்த்தி.

"தண்ணிதான். நான் ஏற்கெனவே எழுதியிருக்கேன். கதையில முதல் சாவு வருதுல்ல? செத்தவங்க வாய்ல எல்லாரும் ஒரு கை ஆத்துத் தண்ணி விடுவாங்க. அப்பதான் அவங்க ஆத்தோட போய்ச் சேருவாங்க. ஊருக்குத் துரோகம் பண்ணினவனுக்கு அது கிடையாது."

"அவனுக்கு என்ன போடுவா?" என்று கேட்டார் வைதேகி அம்மா.

மேரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. ஆனால் நாங்கள் எல்லோரும் தினமும் பாலத்தைத் தாண்டுகிறவர்கள். கோடையில் பாலத்துக்குக் கீழே என்ன இருக்கும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

"மணல்" என்றாள்.



"மணல்வாய்" என்றாள் பிறகு. மெதுவாகச் சொன்னாள்.

நான் எழுந்தேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஆட்டோவில் மைக் பிடித்தவனுக்கு ஒன்று தெரியும். சொல்லின் கடைசியில் வாய் திறக்கவேண்டும். அப்போதுதான் தெருக்கோடி வரை போகும். இது திறந்தது.

நின்றோம். சலீம் பாய் கையைக் காட்டினார். மேரி காதருகே வந்தாள். சொன்னாள். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. சில்லென்றிருந்தது. ஆனால் எனக்கு வந்த சொல்லாக இல்லை. எதிரில் நிற்பவருக்குப் போகவேண்டிய சொல்லாக இருந்தது. அனுப்பினேன்.

"ஏ மணல்வாயே!"

வைதேகி அம்மாவின் முகம் மாறியது. சிரிப்பு இல்லை. ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னொரு தடவை" என்றான் கார்த்தி.

"ஏ மணல்வாயே! உன் வாயில் ஒரு சொட்டு விழாது!"

அதுவரை ராணி அவனை "டேய்" என்றுதான் பேசிவந்தாள். எழுதியிருந்தது அப்படித்தான். வைதேகி அம்மா எழுதியதை விட்டுவிட்டார். மூச்சை இழுத்தார்.

"ஓடத்திலிருந்து இறங்குங்கள்" என்றார்.

அந்த மரியாதையைக் கேட்டு எனக்கே பயம் வந்தது. மூன்றாவது முறை நான் சொன்னபோது என் குரலில் அந்தப் பயம் இருந்தது. சலீம் பாய் கட்டை விரலைத் தூக்கினார்.

அப்போதுதான் கதவை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

பாத்திரக்கடை முதலாளி. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பாய்க்கோடு கன்னத்தில் பதிந்திருந்தது.

"யாருங்க மணல்வாய்?"

நான் மைக்கை விட்டு நகர்ந்து நின்றேன்.

"கேக்கறேன்ல? நேரா என் தலைக்கு மேல நின்னு மூணு தடவை. மூணு தடவை கேட்டுச்சு. என் வாய்ல ஒரு சொட்டு விழாதாமே? நான் என்னங்க பண்ணினேன் உங்களுக்கு? மெஷின் ஓட்டறேன். என் பொழைப்பு அது. அதுக்காக இப்படியா பேசுவீங்க?"

"முதலாளி, உங்களைச் சொல்லலைங்க" என்றான் கார்த்தி.

"வேற யாரு இருக்கா கீழ? குண்டானும் அண்டாவுமா?"

"விளையாட்டுல வர்றதுங்க."

"கெட்ட வார்த்தை உனக்கு வெளையாட்டா தம்பி?"

சலீம் பாய் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "முதலாளி, உக்காருங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நினைச்சு வந்தீங்க?"

"அர்த்தம் தெரிஞ்சாத்தான் கோபம் வரணுமா பாய்? சொன்ன விதம் போதாதா? அது சாவு வீட்டு வார்த்தை. கேட்டாலே தெரியுது." உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "எந்த ஊர்ல புழங்குது இது? நான் கேட்டதே இல்ல."

"அரை மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் எந்த ஊர்லயும் இல்லீங்க" என்றாள் மேரி.

"இப்ப என் வீட்டுக்கு வந்துருச்சே."

கார்த்தியின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் தேடியது கிடைத்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பிறந்து அரை மணி நேரமான ஒரு சொல்லுக்கு ஒரு மனிதன் பாயை விட்டு எழுந்து படி ஏறி வந்திருக்கிறான்.

ஆனால் முதலாளி சொன்னார்: "அதை அழிச்சிடுங்க."

இருந்தது அந்த ஒரு டேக்தான். இனி அப்படி வருமா என்று எனக்கே தெரியாது. கார்த்தி என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும். அழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வைத்துக்கொள்வான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மேரி முந்திக்கொண்டாள்.

"அழிச்சிடறோம்ங்க. ஆனா ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க. பார்த்த பிறகும் வேணாம்னா, உங்க கண் முன்னாடியே அழிக்கச் சொல்றேன்."

அந்தப் பெண்ணுக்குப் போவதென்றால் எல்லாம் போய்விடும். இருந்தும் முடிவை அவர் கையில் கொடுத்தாள். அப்படிக் கொடுக்கச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சலீம் பாய் படத்தோடு ஓட்டினார். முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். ஆறு. ஓடம். திருடன் கத்துகிறான். ராணி பின்னால் ஒரு அடி வைக்கிறாள். பிறகு, "ஓடத்திலிருந்து இறங்குங்கள்."

முடிந்தது. அவர் திரையைக் காட்டினார்.

"அந்தம்மா அழலையே."

"இல்லைங்க" என்றாள் மேரி.

"நின்னுட்டாங்களே. அவ்வளவு பெரிய வார்த்தைய வாங்கிக்கிட்டு நின்னுட்டாங்களே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் என்ன ஆச்சு? அவன் இறங்கினானா?"

"அது விளையாடறவங்க கையில இருக்கு."

"இறங்கணும்" என்றார். எழுந்தார். வாசலில் நின்று திரும்பினார். "வெச்சுக்கங்க. ஆனா இனிமே நாலு மணிக்கு மேல கத்துங்க. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் நான் பேர் வெட்டலை. இந்த வார்த்தைய எல்லாம் கேட்டுக்கிட்டு மனுஷன் தூங்க முடியாது."

சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் பேனா. காட்சியைப் பார்த்தார். மணல்வாய் என்ற இடத்தில் பேனா நின்றது.

"இது எந்த ஊர் வார்த்தை?"

"அந்த ஊர் வார்த்தைதாங்க" என்று மேரி திரையைக் காட்டினாள்.

அவர் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் கேட்டார்.

"சரி. ஆனா ஒண்ணு போதாது. விளையாட்டு பூரா ஜனங்க இருக்காங்க. ஓடக்காரன், காவக்காரன், மீன்காரி. எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்ல முடியாது. யாரு செய்வாங்க மிச்சத்தை?"

"நான் செய்யறேன்" என்றாள் மேரி.

திங்கட்கிழமை அவள் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. இங்கே வந்தாள்.

அதற்குப் பிறகு பல சொல் செய்தோம். எல்லாம் நிற்கவில்லை. ஒரு வழக்கம் மட்டும் தானாக வந்து நின்றது. புதிய சொல் எதுவானாலும் நான் கீழே போய் முதலாளியிடம் சொல்லிப் பார்ப்பேன். கோபப்பட்டால் வைத்துக்கொள்வோம். எத்தனையோ நாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு என்னைத் துரத்தியிருக்கிறார். தெருவே வேடிக்கை பார்க்கும். "என்னங்க, இன்னிக்கு என்ன வார்த்தை?" என்று எதிர்க்கடைப் பூக்காரம்மா கேட்பார்.

ஒரு நாள் "விதையில்லாதவனே" என்று ஒன்றைக் கொண்டுபோனேன். அது எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சத்தமும் நன்றாக இருந்தது. முதலாளி கரண்டியை எடுக்கவில்லை. ஒரு குடத்தை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"நல்லா இருக்குங்க" என்றார். முகத்தைத் தூக்கவில்லை.

மேலே போய்ச் சொன்னேன். மேரி அதை எடுத்துவிட்டாள். கார்த்தி ஏன் என்று கேட்கவில்லை.

உங்களுக்கும் அந்த வேலை வரும். ஒரு சொல்லைக் கொடுத்து, கத்துங்கள் என்பார்கள். கேட்கிறவருக்குக் கோபம் வந்தால் நல்ல சொல். கோபப்பட்டவன் பதில் பேசுவான். சண்டை நடக்கும், கதை போகும். கேட்கிறவர் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தால் அந்தச் சொல்லைக் கீழே வைத்துவிடுங்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வையுங்கள். வேறு சொல் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது.

கத்துவதற்கு முன்னால் அந்தச் சொல்லை யாராவது ஒருவரை உங்கள் காதில் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். தேவையில்லைதான். ஆனாலும் செய்யுங்கள்.

விளையாட்டு வெளிவந்து கொஞ்ச நாள் கழித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சமயபுரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் ஜன்னல் சீட்டைப் பிடித்தான்.

"எந்திரிடா மணல்வாயா, அது என் சீட்டு."

"போடா வறண்டவனே, காசு குடுத்தா வாங்கின?"

இரண்டும் எங்களுடையது. வாயா என்று நீட்டியது அவர்கள் சொந்தச் சரக்கு. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இடித்துக்கொண்டு ஒரே சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்தார். டிக்கெட் வாங்கினேன்.

போன வாரம் வேலையை முடித்துக்கொள்ள அங்கே போயிருந்தேன். சுவரெல்லாம் மெத்தை. மேரி உள்ளே ஒரு பையனுக்குக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினாள். வைதேகி அம்மா திருவிழா வேலைக்குப் போயிருந்தார். சலீம் பாய் டீ சொன்னார்.

அந்தப் பையனைத் தவிர உங்களில் யாரும் அன்று வந்திருக்கவில்லை. உங்கள் டம்ளர்கள் அலமாரியில் இருந்தன. குரல் கொடுக்க யார் புதிதாக வந்தாலும் கீழே முதலாளி ஒரு டம்ளரில் பெயர் வெட்டித் தருகிறார். காசு வாங்குவதில்லை. அவர் பெயரிலும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது விளையாட்டில் மீன் விற்கிறவன் அவர்தான். நன்றாகத் திட்டுவார்.

அன்றைக்கு மூன்று டம்ளர் என்று சொன்னேன். டீ வரும்வரை அலமாரி முன்னால் நின்று எண்ணிப் பார்த்தேன்.

இருபத்து மூன்று.